முதலப்பொழியில் முதலும் வட்டியும்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. விடிகாலை நாலரை மணிக்கு என் பக்கத்து மேசைக்காரர் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். நியூஜெர்சி வந்த நாளிலிருந்து "ஒரு நாள் மீன் பிடிக்க வா" என்று கூப்பிட்டுக் கொண்டே இருக்கிற மனிதர். இந்தத் தடவை தட்ட முடியவில்லை. குளிருக்கு மூன்று சட்டையை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் கொண்டு கிளம்பினேன். "ஏங்க, வெறுங்கையோட வந்துடாதீங்க, குடம்புளி ஊறப் போட்டு வைக்கிறேன்" என்று வழியனுப்பினாள் வீட்டுக்காரி.

போன இடம் ஐலண்ட் பீச் என்கிற மணல் திட்டு. இருட்டிலேயே நூறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். இடுப்பளவு ரப்பர் உடை, கையில் ஆளை விட இரண்டு மடங்கு நீளத் தூண்டில். இலையுதிர் காலத்தில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற மீன் வடக்கேயிருந்து கரையை ஒட்டித் தெற்கே இறங்கும். நம்மூர்க் கொடுவா போலத் தடித்த மீன், உடம்பில் நீளவாக்கில் ஏழெட்டுக் கறுப்புக் கோடு. பெயரில் கொடுவாவுக்குச் சொந்தம் போல இருந்தாலும் குடும்பம் வேறு. வசந்தத்தில் செசபீக் விரிகுடா, ஹட்சன் போன்ற ஆறுகளில் ஏறி முட்டையிடும். கோடையை வடக்கே கழிக்கும். குளிர் தொடங்கியதும் பொடி மீன் கூட்டங்களைத் துரத்திக் கொண்டு திரும்பி வரும். கரையில் நிற்பவர்கள் அலைக்குள் தூண்டில் வீசுவார்கள். வசதி உள்ளவர்கள் கொஞ்சம் தள்ளிப் படகில் நின்று பிடிப்பார்கள்.

ஆறரை மணி வாக்கில் நண்பரின் தூண்டில் வளைந்தது. கால் மணி நேரப் போராட்டம். ஒரு வழியாகக் கரைக்கு இழுத்தார். என் கணக்குப்படி ஆறு கிலோவாவது இருக்கும். எங்கள் வீட்டுச் சட்டியில் அது பாதிதான் கொள்ளும் என்று நான் யோசித்துக் கொண்டிருக்கும்போதே மனிதர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். 34 அங்குலம். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. மீனை இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீரில் வைத்து, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி, அது வாலை அடித்துப் போகிற வரைக்கும் நின்று பார்த்து விட்டு வந்தார்.

"சின்ன மீனை விடுவது புரிகிறது, பெரிய மீனை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"அது அம்மா. 28 அங்குலத்துக்கு மேல் 31-க்குள் இருந்தால் மட்டும் எடுக்கலாம், அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. பெரிய பெண் மீன் இடுகிற முட்டை ரொம்ப அதிகம். அதைத் தின்றால் முதலையே தின்ற மாதிரி" என்றார். அவரும் பாங்குக்காரர்தானே, பேச்சு அப்படித்தான் வரும்.

முதலைத் தின்பது. அந்தச் சொல் என்னை விடவில்லை. வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர் ஆறு போய்க் கடலில் விழுகிற இடம்தான். அதன் பெயரே முதலப்பொழி. மலையாளத்தில் 'முதல' என்றால் முதலை. ஆனால் பி.காம். படித்தவன் காதில் அது 'முதல்' என்றுதான் விழுகிறது. என்ன செய்ய!

முதலில் இந்த அமெரிக்க மீனின் கணக்கைச் சொல்லி விடுகிறேன், பிறகு நம்ம ஊர் வரவு செலவு.

1973-இல் அட்லாண்டிக் கரையில் வியாபாரத்துக்காகப் பிடித்த ஸ்ட்ரைப்ட் பாஸ் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்ட். பத்தே வருடத்தில், 1983-இல், அது 35 லட்சம் பவுண்டாக இறங்கியது. அளவுக்கு மீறிப் பிடித்ததும், குஞ்சு வளர்கிற ஆறுகள் கெட்டதும் காரணங்கள். 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஒரு மீனுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. மேரிலாந்து மாநிலம் 1985 தொடங்கி ஐந்து வருடம் அந்த மீனைத் தொடவே கூடாது என்று தடை விதித்தது. மீனவர்கள் திட்டினார்கள், வழக்குப் போட்டார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். 1995-இல் மீன் மீண்டு விட்டது என்று அறிவித்தார்கள். அதோடு கதை சுபம் என்று நினைத்து விடாதீர்கள். மறுபடி கை தாராளமானது. 2019-இல் வந்த மதிப்பீடு, மீன் இருப்பு மீண்டும் ஆபத்தான அளவுக்குக் கீழே போய் விட்டது என்று சொன்னது. நண்பர் நாடாவில் அளந்த அந்த 28-31 கணக்கு அதற்குப் பிறகு வந்ததுதான்.

இப்போது ஊருக்கு வருகிறேன்.

நான் வளர்ந்தது கல்லாறு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டாமல் போக முடியாது. 22 கொண்டை ஊசி வளைவுகள் எங்களுக்கு மேலேதான் தொடங்குகின்றன. பேருக்கேற்ற ஆறு. யானைக்குட்டி மாதிரி உருண்டைக் கல்லாகக் கிடக்கும், நடுவில் கண்ணாடித் தண்ணீர். அப்பா மலைத் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். தோட்டத்து லயங்களில் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நாங்கள் துண்டை விரித்துப் பொடி மீன் பிடித்த அந்தத் தண்ணீர் வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து, ஆற்றிங்கல் பக்கம் இறங்கி, அஞ்சுதெங்குக் காயலைத் தொட்டு, முதலப்பொழியில் கடலுக்குள் போகிறது. செம்முஞ்சி மொட்டையில் தொடங்கி 88 கிலோமீட்டர்தான் மொத்த ஆறும். நியூஜெர்சியில் நான் ஆபீஸ் போய் வருகிற தூரம்!

கடலை நான் முதன்முதலில் பார்த்தது பத்து வயதில். ஆனால் கடலிலிருந்து எங்கள் மலையைத் தினமும் பார்த்துக் கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. திருவனந்தபுரம் கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் 'கணிச்சம்' என்று ஒரு கணக்கு உண்டு. கடலுக்கு அடியில் மீன் தங்குகிற பாறைகளுக்குப் 'பார்' என்று பெயர். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். எப்படிக் கண்டுபிடிப்பது? தூரத்து மலைச் சிகரம் ஒன்றையும் கரையில் உள்ள கோயில் கோபுரமோ மாதா கோயில் சிலுவையோ ஒன்றையும் ஒரே நேர்கோட்டில் வர வைப்பார்கள். வேறு திசையில் இன்னொரு சோடி அடையாளத்தை அதேபோல் சேர்ப்பார்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லைக் கட்டி இறக்கினால் கீழே பார். அகஸ்தியர் மலையும் அதன் கூட்டத்து மலைகளும்தான் அவர்களுக்கு அடையாளத் தூண்கள். ஜி.பி.எஸ். வருவதற்குத் தலைமுறைகளுக்கு முந்தைய கணக்கு இது. தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக் கொடுப்பான். அந்தக் கரையில் அதுதான் சொத்துப் பத்திரம்.

அந்தக் கரையின் இயல்பையும் சொல்ல வேண்டும். அஞ்சுதெங்கிலிருந்து தெற்கே விழிஞ்ஞம் வரை கரை செங்குத்தாக இறங்கும், அலை உயரமாக எழுந்து கரையிலேயே உடையும். சாதாரணப் படகைத் தள்ளினால் கவிழ்த்து விடும். அதனால்தான் அங்கே கட்டுமரம் நிலைத்தது. மூன்று நாலு மரத்துண்டைக் கயிற்றால் கட்டினால் ஓடம். அலை மேலே ஏறி இறங்கும், தண்ணீர் இடுக்கு வழியே வடிந்து விடும், கவிழ்ந்தாலும் முங்காது. கரைக்கு வந்ததும் அவிழ்த்து வெயிலில் காயப் போட்டு விடலாம். நம் சொல்லை ஆங்கிலேயர்கள் எடுத்துக் கொண்டு, இரண்டு உடல் கொண்ட உல்லாசப் படகுக்கு வைத்து விட்டார்கள். இங்கே மெரினாவில் லட்சம் டாலர் 'கட்டமரான்' நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும்.

தென்மேற்குப் பருவமழையில் ஜூன், ஜூலை மாதங்கள் இந்தக் கரைக்குக் கஷ்ட காலம். அலை உடைகிற இடத்தைத் தாண்டுவது பெரும்பாடு. பல ஊர்க்காரர்கள் இயற்கையாகவே ஒதுக்கமான விழிஞ்ஞத்துக்குப் போய் அங்கிருந்து தொழில் செய்வார்கள். மழை ஓய்ந்து ஓணம் முடிந்து கடல் அடங்கிய பிறகு கரமடி தொடங்கும். நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஈழத்து நண்பர்கள் கரைவலை என்பார்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் பிடித்துக் கொள்ள, வள்ளம் வலையைக் கடலில் அரை வட்டமாக இறக்கிக் கொண்டே போய் மறுமுனையோடு வேறிடத்தில் கரையேறும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பாட்டுச் சொல்லி இழுப்பார்கள். மணிக்கணக்கில் இழுத்து, கடைசியில் மடி கரைக்கு வரும்போதுதான் தெரியும், உள்ளே இருப்பது நெத்திலியா, அயிலையா, வெறும் குப்பையா என்று. நியூஜெர்சிக் கரையில் நூறு பேர் நூறு தூண்டிலோடு தனித்தனியாக நின்றார்கள். எங்கள் கரையில் ஐம்பது பேர் ஒரே வலையை இழுப்பார்கள். கிடைத்ததில் வலைக்குப் பங்கு, வள்ளத்துக்குப் பங்கு, இழுத்தவனுக்குப் பங்கு. சம்பளம் என்ற சொல்லே கிடையாது.

இந்தக் கரையில் முதலைத் தின்கிற வேலை எப்போது தொடங்கியது?

1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடம் கொல்லம் பக்கம் நீண்டகரையில் இந்தோ-நார்வீஜியன் திட்டம் வந்தது. நல்ல எண்ணம்தான். ஏழை மீனவனுக்கு இயந்திரப் படகு, ஐஸ் ஆலை, சுகாதார நிலையம். ஆனால் அந்த நேரம் பார்த்து அமெரிக்காவும் ஜப்பானும் நம் இறாலுக்கு ஆசைப்பட்டன. இறால் தங்கமானது. கடலடியைச் சுரண்டி இழுக்கும் டிராலர் படகுகள் பெருகின. அவற்றில் முதல் போட்டவர்கள் பலர் கடலில் கால் நனைக்காதவர்கள். இறாலுக்காக இழுத்த வலையில் குஞ்சும் முட்டையும் சேர்ந்து வந்தன. கட்டுமரக்காரன் வலையை டிராலர் அறுத்துக் கொண்டு போனால் கேட்பதற்கு நாதியில்லை.

கேட்க ஆரம்பித்தார்கள். 1970களின் கடைசியிலும் 80களிலும் கேரளக் கரை முழுக்கப் போராட்டம். பாதிரியார் தாமஸ் கோச்சேரி போன்றவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், கன்னியாஸ்திரிகள் மறியலில் உட்கார்ந்தார்கள். 1980-இல் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் வந்தது. பின்னாலேயே கமிட்டிக்கு மேல் கமிட்டி. மழைக்காலம்தான் பல மீன்கள் முட்டையிடும் காலம், அப்போது டிராலரை நிறுத்துங்கள் என்பது மீனவர்களின் ஒரே கோரிக்கை. 1988-இல் அது கிடைத்தது. இப்போது ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் கேரளக் கரையில் டிராலர் போகக் கூடாது. பாரம்பரியத் தொழிலுக்குத் தடை இல்லை.

தேதியைக் கவனியுங்கள். மேரிலாந்துக்காரர்கள் 1985-இல் மீனைப் பூட்டி வைத்தார்கள். நம்மவர்கள் 1988-இல் டிராலரைக் கட்டிப் போட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். ஒரு வித்தியாசம்தான். அங்கே அரசாங்கம் சட்டம் போட்டது, மீனவன் எதிர்த்தான். இங்கே மீனவனே பட்டினி கிடந்து "கடலை மூடு" என்று சட்டத்தைக் கேட்டு வாங்கினான். படிக்காதவன், நாளைக்கு என்று சேர்த்து வைக்கத் தெரியாதவன் என்று அவனைப் பற்றி நாம் பேசுகிறோமே, முதலில் கை வைக்காதே என்று சொன்னவனே அவன்தான்.

அளவு நாடாவும் நம்ம ஊருக்கு வந்து விட்டது. 2015-இல் 14 வகை மீன்களுக்கும், 2017-இல் இன்னும் சேர்த்து மொத்தம் 58 வகைக்கும் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தது கேரள அரசு. சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. அதற்குக் கீழே உள்ளதைப் பிடித்தால் அபராதம். அப்படியும் கடல் தன் இஷ்டத்துக்குத்தான் கணக்கு எழுதும். 2012-இல் கேரளத்தில் கிடைத்த சாளை கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021-இல் வெறும் 3,297 டன். குஞ்சுகளை அள்ளியது ஒரு காரணம், கடல் சூடும் எல் நினோவும் பெரிய காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். பிறகு சாளை திரும்பி வந்தது. இப்படி ஒரு வருடம் மலை, ஒரு வருடம் மடு என்று போகிற தொழிலுக்குக் கடன் கொடுப்பது எப்படி?

இங்கேதான் என் சொந்தக் கணக்கில் ஒரு பற்று இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

படித்து முடித்துப் பரீட்சை எழுதி ஆபீசர் ஆனதும், என்னைக் கடலோரக் கிளை ஒன்றில் போட்டார்கள். எந்த பாங்கு, எந்தக் கிளை என்பதெல்லாம் வேண்டாம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வெளி எஞ்சின் வாங்கக் கடன் கேட்டு வந்தார். சட்டையில் உப்புக் கறை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ரேஷன் கார்டு, படகுக் காகிதம்.

"மாத வருமானம் எவ்வளவு?" என்றேன்.

"அது கடலுக்குத்தான் தெரியும் சாரே" என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஆறு மாத வருமானச் சான்று, ஈடாக நிலம், ஜாமீனுக்குச் சம்பளக்காரர் ஒருவர் என்று பட்டியல் சொன்னேன். புறம்போக்கில் வீடு கட்டி இருக்கிறவரிடம் நிலப்பத்திரம் கேட்டேன். அவர் பையை மடித்துக் கொண்டு எழுந்தார். "தரகனிட்ட போறேன்" என்று மட்டும் சொன்னார். விதிப்படி நான் செய்தது நூற்றுக்கு நூறு சரி. தணிக்கையில் ஒரு கேள்வி வராது.

தரகன் என்றால் கரையில் மீனை ஏலம் விடுகிறவன். பத்திரம் கேட்க மாட்டான், உடனே பணம் தருவான். வட்டி என்று வெளிப்படையாக எதுவும் இருக்காது. ஆனால் கடன் தீருகிற வரைக்கும் மீனை அவனிடம்தான் இறக்க வேண்டும். விலை அவன் சொல்வதுதான், ஒவ்வொரு ஏலத்திலும் அவன் பங்கை எடுத்துக் கொள்வான். கடன் தீர வேண்டும் என்ற அவசரம் அவனுக்குக் கிடையாது. தீராமல் இருந்தால்தான் அவனுக்கு லாபம். வட்டி கட்டியே முதலைத் தின்று தீர்த்தவர்கள் அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக உண்டு.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இதற்கான விடையை என் கிளையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்திலேயே முப்பது வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்து விட்டார்கள். முதலப்பொழிக்குத் தெற்கே மரியநாடு என்ற ஊர். 1960களில் திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா முயற்சியில் மீனவக் குடும்பங்களைக் குடியேற்றி உண்டான ஊர் அது. அங்கே மீனவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஜான் குரியன் என்ற இளைஞர் 1973-இலிருந்து ஐந்து வருடம் அவர்களோடு இருந்து வேலை செய்தார். பிற்காலத்தில் அவர் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் பேராசிரியரானார். அவர்கள் செய்தது எளிமையான காரியம். முதல் விற்பனையைத் தங்கள் கையில் எடுத்தார்கள். மீன் கரைக்கு வந்ததும் சங்கமே ஏலம் விடும். விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கு சேமிப்புக்கு, ஒரு பங்கு கடனுக்கு, மீதி கையில்.

இதன் அழகை ஒரு பாங்குக்காரனாகச் சொல்கிறேன். தவணை மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று இல்லை, பிடித்த மீனில் இத்தனை பங்கு என்று இருந்தது. நிறையக் கிடைத்த நாளில் நிறையப் போகும், கிடைக்காத நாளில் ஒன்றும் போகாது. அலை ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்குகிற கட்டுமரம் மாதிரியான கடன் அது. நான் நீட்டிய மாதத் தவணையோ, அந்தக் கரையில் கொண்டு போய்ச் சாதாரணப் படகைத் தள்ளுகிற மாதிரி. இந்த மாதிரிச் சங்கங்கள் சேர்ந்து 1980-இல் சிஃப்ஸ் என்ற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. கட்டுமரத்துக்கு ஏற்ற மெல்லிய மரம் காட்டில் அரிதாகிக் கொண்டிருந்த நேரத்தில், பெல்ஜியத்து எஞ்சினியர் பியேர் ஜில்லே குமரி மாவட்டம் முட்டத்தில் ஒட்டுப் பலகையில் அலை தாண்டும் படகு செய்து காட்டினார். அதைக் கரையெங்கும் பரப்பியதில் இந்தக் கூட்டமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் ஈடு இல்லை என்று திருப்பி அனுப்பிய அதே கரையிலிருந்துதான் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டு செங்கன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும் போனார்கள். யாரும் ஜாமீன் கேட்கவில்லை. அதற்கு ஒன்பது மாதம் முன்பு ஒக்கிப் புயலில் பூந்துறையும் விழிஞ்ஞமும் தங்கள் ஆட்களைப் பறி கொடுத்திருந்தன. நான் இங்கே சோபாவில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தேன். படகு ஓட்டியவர்களில் அந்தப் பிளாஸ்டிக் பைக்காரர் இருப்பாரா என்று முகம் முகமாகத் தேடினேன்.

கடைசியாக முதலப்பொழிக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு லீவில் போனபோது பிள்ளைகளைக் கல்லாற்றில் குளிக்க வைத்து, அதே தண்ணீர் கடலில் விழுகிற இடத்தைக் காட்டுகிறேன் என்று காரில் கூட்டிப் போனேன். பொழி என்றால் மணல் மூடி மூடித் திறக்கிற ஆற்று வாய். மழையில் ஆறு உடைத்துக் கொண்டு போகும், கோடையில் கடல் மணலைக் கொண்டு வந்து அடைக்கும். எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், படகு எந்நேரமும் போய்வர வேண்டும் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் கல்லணை கட்ட ஆரம்பித்தார்கள். நடுவில் நிறுத்தி, வடிவம் மாற்றி, 2020-இல் துறைமுகம் முடிந்தது. மீனவர்களே கேட்டு வந்த துறைமுகம்தான். ஆனால் கரையோரமாக நகர்ந்து கொண்டே இருக்கிற மணலுக்கு அணையைப் பற்றிக் கவலை இல்லை. தெற்கே பெருமாதுறைப் பக்கம் குவிகிறது. வடக்கே தாழம்பள்ளி, அஞ்சுதெங்குப் பக்கம் கரையைக் கடல் தின்கிறது. வாய்க்குள்ளேயே மணல் மேடு கட்டி, அலை தாறுமாறாக உடைகிறது. கல்லில் மோதியும் கவிழ்ந்தும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போய் விட்டன. 2025 ஏப்ரலில் மணல் வாயை முழுக்கவே அடைத்து விட்டது. மக்கள் போராடிய பிறகு வெட்டித் திறந்தார்கள்.

எனக்கு இது கணக்கு வழக்காகத்தான் தெரிகிறது. கரை மணலும் ஒரு முதல். அது ஓரிடத்தில் நிற்கிற முதல் இல்லை, புழங்கிக் கொண்டே இருக்கிற முதல். அதை ஒரு கிளையில் முடக்கினால் இன்னொரு கிளை திவால். வாமனபுரம் ஆற்றில் வருடக்கணக்காக மணல் அள்ளி வீடு கட்டினோமே, மலையிலிருந்து கடலுக்குப் போக வேண்டிய வரவையும் நாமே நடுவழியில் எடுத்துக் கொண்டோம்.

கல்லணை மேல் நின்றபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம ஆத்துல இருந்த கல்லெல்லாம் இங்கதான் வந்துச்சா?" இல்லைம்மா, இது குவாரிக் கல் என்றேன். அவளுக்கு ஏமாற்றம்.

அவளுக்கு அன்று சொல்லாத ஒன்றை இங்கே எழுதி முடிக்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது கல்லாற்றுக்கு வாரம் இரண்டு தடவை ஒரு மீன்காரம்மா வருவார். அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் வைத்து, நெடுமங்காட்டுச் சந்தையிலிருந்து பஸ் பிடித்து வருவார். நாற்றம் என்று ஏற்ற மாட்டேன் என்கிற கண்டக்டர்களிடம் சண்டை போட்டுத்தான் வர வேண்டும். (மீன் விற்கும் பெண்களுக்கென்று இலவசமாக 'சமுத்ரா' பஸ்ஸை கே.எஸ்.ஆர்.டி.சி. விட்டது 2021-இல்தான்.) அம்மா அவரை அக்கா என்பாள், அவர் அம்மாவை மோளே என்பார். எங்களிடம் ரொக்கம் இருப்பது சம்பள நாளில் மட்டும். மற்ற நாளில் அம்மா அடுக்களைச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவாள். சாளைக்கு ஒரு கோடு, அயிலைக்கு ஒன்றரை. பருவமழையில் தோட்டத்தில் வேலை குறைந்து சம்பளம் சுருங்கும்போது, கோடுகள் ஜன்னல் வரை போய் விடும். "கிட்டும்போ தா மோளே" என்று சொல்லிப் பாத்திரத்தைத் தூக்கிக் கொண்டு இறங்கி விடுவார்.

அவர் காலையில் எடுக்கும் மீனுக்கான பணமே தினவட்டிக்கு வாங்கியது என்று அம்மா பின்னாளில் சொன்னாள். வட்டிக்கு வாங்கி, எங்களுக்கு வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறார். கிடைக்கும்போது தா என்கிற கடன். மரியநாட்டுச் சங்கம் எழுதி வைத்துச் செய்ததை அவர் எழுதத் தெரியாமலே செய்தார். அதைச் சாப்பிட்டு வளர்ந்து, பி.காம். படித்து, ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்துதான், அவர் கரையிலிருந்து வந்த மனிதரிடம் வருமானச் சான்று கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்தேன். "ஆறு கிலோ மீனைக் கையில புடிச்சுட்டு விட்டுட்டு வந்தீங்களா?" என்று வீட்டுக்காரி தலையில் அடித்துக் கொண்டாள். இந்தியக் கடையில் உறைந்த சாளை வாங்கி அன்றைக்குக் குழம்பு வைத்தோம். அளந்து பார்த்தேன், 15 சென்டிமீட்டர் இருந்தது.

அடுத்த லீவுக்குத் திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்கள் பொன்முடியையும் கோவளத்தையும் மட்டும் பார்த்து விட்டுத் திரும்பாதீர்கள். ஒரு விடிகாலை முதலப்பொழிக்கும் மரியநாட்டுக்கும் போய் வாருங்கள். ஏலம் நடக்கும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மீன் வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.